சிகிச்சைக்கு மூன்று மாதம் முன்பே கணவர் செய்ய வேண்டியது

நெசவாளப் பெருமக்களே, சாயப்பட்டறைத் தொழிலாளர்களே!

கல்யாணமாகி ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் பிள்ளை உண்டாகவில்லை என்றால் நம் காஞ்சிபுரத்தில் என்ன நடக்கிறது? ஏகாம்பரநாதர் கோயிலுக்கு மனைவி போகிறாள். ஆஸ்பத்திரிக்கும் அவளேதான் போகிறாள். "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று கணவர் தறியை விட்டு எழுந்திருப்பதில்லை. வேண்டுதலை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் குறையும் ஒரு காரணமாக இருக்கிறது. தேக பலத்தைப் பார்த்து விந்தணுவைக் கணக்கிட முடியாது.

1977-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், மண்ணிலுள்ள நூற்புழுவைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தைத் தயாரித்த தொழிற்சாலையில் ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்: "உனக்கும் பிள்ளை இல்லையா? எனக்கும் இல்லையே!" பரிசோதித்தபோது பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. அத்தனை பேரும் ஆரோக்கியமாகத்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அந்த வேலையை விட்டபின் சிலருக்குத் திரும்பியது, சிலருக்குத் திரும்பவேயில்லை. நம் பக்கத்தில், கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்குள்ள பையன்கள் வயதுக்கு வருவது தாமதப்பட்டதாக 2003-இல் ஆய்வு வெளியாயிற்று. 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடை செய்தது.

பட்டுச் சாயம்தான் காரணம் என்று நாங்கள் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஈயம், பூச்சிமருந்து, பெயிண்டில் கலக்கும் சில திரவங்கள், புகையிலை, இவற்றோடு ஓயாத சூடு, எல்லாம் விந்தணுவைக் கெடுக்கக்கூடியவை. கொதிக்கும் சாய அண்டா முன் நாள் முழுதும் நிற்பவரும், வயலில் மருந்தடிப்பவரும் இதை யோசிக்க வேண்டும்.

ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. ஆகவே செயற்கைக் கருத்தரிப்புக்காக நீங்கள் கொடுக்கும் விந்து, போன மூன்று மாதத்தில் உருவானது. மனைவிக்கு ஊசி போட ஆரம்பித்த பிறகு பீடியை விட்டுப் பயன் குறைவு. அவள் உடம்பு வருந்துவதும் நீங்கள் கடன் வாங்குவதும் வீணாகலாம். முன்னதாகவே ஆரம்பியுங்கள்.

சாயப்பொடியைக் கரைக்கும்போது ரப்பர் கையுறை போடுங்கள், முகத்தை மூடிக்கொள்ளுங்கள், கதவு சன்னலைத் திறந்து வையுங்கள். சாயக்கையோடு வெற்றிலை போடாதீர்கள். வேலை முடிந்ததும் குளித்து உடுப்பை மாற்றுங்கள். அந்த உடுப்பை வீட்டுத் துணியோடு ஊறவைக்கக் கூடாது. முதலாளி கையுறை தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. அதற்கு முன் 2 முதல் 7 நாள் வரை உறவு கூடாது. முடிவு குறைவாக வந்தால் பயப்படாதீர்கள், மறுபடியும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பார்கள். போகும்போது இருவரும் சேர்ந்து போங்கள். நீங்கள் கையாளும் சாயம், மருந்து டப்பாக்களின் லேபிளையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.