லாக் பின் போட்டாச்சா?

மண் தோண்டும் மஞ்சள் வண்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் மண் அள்ளும் அகலமான வாளி இருக்கும். பின்னால் நீண்ட கை இருக்கும். அந்தக் கையின் முனையில் பல் வைத்த ஒரு வாளி இருக்கும். அதைத்தான் 'பக்கெட்' என்கிறோம்.

இந்த வண்டியை எல்லாரும் 'ஜே.சி.பி.' என்கிறார்கள். அது உண்மையில் ஒரு கம்பெனியின் பெயர். ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்பவர் 1945-இல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியைத் தொடங்கினார். அவர் பெயரின் முதல் எழுத்துகளே ஜே.சி.பி. டெல்லிக்கு அருகே, அரியானா மாநிலம் பல்லப்கரில் 1979-இல் அதன் இந்தியத் தொழிற்சாலை தொடங்கியது. இன்று வேறு பல கம்பெனிகளும் இதே மாதிரி வண்டிகளைச் செய்கின்றன. ஆனாலும் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்.

இந்தப் பாடம் அப்படி ஒரு வண்டி வைத்திருந்த ஒரு குடும்பத்தின் கதை.

தம்பியின் விரல்

அண்ணன், தம்பி இருவர். கடன் வாங்கிப் பழைய வண்டி ஒன்றை வாங்கினார்கள். அண்ணன் ஓட்டுவார். தம்பி உதவிக்கு நிற்பான். கணக்கு எழுதுவது அண்ணி. அவர் இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர்.

வீடுதோறும் குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் தொடங்கியது. அதனால் ஊர்களில் குழாய் பதிக்கும் வேலை நிறைய வந்தது. காலையில் குழாய்க்குப் பள்ளம் தோண்ட வேண்டும். அதற்குக் குறுகிய பக்கெட் வேண்டும். மாலையில் வாய்க்கால் தூர் வார வேண்டும். அதற்கு அகலமான பக்கெட் வேண்டும்.

பக்கெட்டை மாற்றுவது எளிதல்ல. இரண்டு பெரிய இரும்புப் பின்கள் அதைப் பிடித்திருக்கும். ஒரு பின் கையின் முனையில் இருக்கும். இன்னொன்று பக்கெட்டை ஆட்டும் இணைப்புத் தண்டில் இருக்கும். இரண்டையும் சம்மட்டியால் அடித்துக் கழற்ற வேண்டும். பிறகு அடுத்த பக்கெட்டின் துளைகளை நேராகப் பொருத்திப் பின்களைத் திரும்ப அடிக்க வேண்டும்.

ஒரு நாள் துளை நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தம்பி விரலை உள்ளே விட்டான். பக்கெட் சற்றே அசைந்தது. விரல் நசுங்கியது. மருத்துவமனையில் விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள்.

அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஏங்க, பின் அடிக்காமல் பக்கெட் மாற்ற வழியே இல்லையா?" என்று கேட்டார் அண்ணி.

"இருக்கிறது. குயிக் கப்ளர் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் விலை அதிகம்" என்றார் அண்ணன்.

"விலை இருக்கட்டும். அது என்ன, எப்படி என்று முதலில் தெரிந்துகொள்வோம்" என்றார் அண்ணி.

கப்ளர் என்றால் என்ன?

மறுநாள் மூவரும் பட்டறை மேஸ்திரியிடம் போனார்கள். அவர் பல ஆண்டுகளாக இந்த வண்டிகளைப் பழுது பார்ப்பவர்.

"கப்ளர் ஓர் இரும்புப் பிடி. அதை வண்டியின் கையில் மாட்டிவிட்டால் அது அங்கேயே இருக்கும்" என்றார் மேஸ்திரி. "பக்கெட்டின் இரண்டு பின்களும் பக்கெட்டிலேயே இருக்கும். கப்ளரின் கொக்கி முதல் பின்னைக் கவ்வும். பிறகு பக்கெட்டை உள்பக்கம் சுருட்டினால் இன்னொரு பின் கப்ளரின் வாய்க்குள் வரும். வாய் மூடிக்கொள்ளும். அதன் பிறகு லாக் பின் போட வேண்டும். சம்மட்டி வேண்டாம். துளையில் விரல் விடவும் வேண்டாம்."

"எல்லாம் ஒரே மாதிரியா?" என்றார் அண்ணி.

"இல்லையம்மா. கையால் பூட்டும் கப்ளர் இருக்கிறது. ஓட்டுநர் கீழே இறங்கி, கடப்பாரையாலோ நெம்புகோலாலோ பூட்ட வேண்டும். விலை குறைவு. பழுதும் குறைவு. ஹைட்ராலிக் கப்ளரும் இருக்கிறது. இருக்கையில் உட்கார்ந்தபடியே சுவிட்சைப் போட்டால் போதும். ஆனால் அதற்குத் தனி எண்ணெய்க் குழாய் இழுக்க வேண்டும். ஹோஸ் அறுந்தாலும் பக்கெட் விழாமல் பிடிக்கும் வால்வு அதில் இருக்க வேண்டும்."

"நம்மிடம் இருக்கும் பக்கெட்டுகள் அதில் மாட்டுமா?" என்றான் தம்பி.

"நல்ல கேள்வி. பின்னைக் கவ்வும் கப்ளராக இருந்தால், அளவு சரியாக இருக்கும்போது பழைய பக்கெட்டே போதும். வேறு ஒரு வகை உண்டு. அதற்கென்று செய்த பக்கெட்டுதான் அதில் மாட்டும். அதை வாங்கினால் எல்லாப் பக்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கும்."

மூன்று அளவுகள்

மேஸ்திரி மூன்று அளவுகளை எழுதச் சொன்னார். அண்ணி நோட்டில் எழுதிக்கொண்டார்.

1. பின்னின் தடிமன்.
2. ஒரு பின்னின் நடுவிலிருந்து மற்றப் பின்னின் நடு வரை உள்ள தூரம்.
3. பக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு இடையே உள்ள இடைவெளி.

"எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். தேய்ந்த பின்னைத் தேயாத இடத்தில் அளக்க வேண்டும். தேய்ந்த இடத்தில் அளந்தால் கணக்குத் தப்பும். ஒவ்வொரு பக்கெட்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரே மாதிரி தெரியும் இரண்டு பக்கெட்டுகளுக்கு அளவு வேறாக இருக்கலாம்" என்றார் மேஸ்திரி.

கப்ளரால் சில குறைகளும் உண்டு. அதையும் அவர் மறைக்கவில்லை. கப்ளருக்கு எடை உண்டு. அந்த எடை அளவுக்கு வண்டி தூக்கும் பாரம் குறையும். பக்கெட்டின் பல் கையிலிருந்து சில அங்குலம் தள்ளிப் போகும். அதனால் தோண்டும் விசையும் கொஞ்சம் குறையும். நாள் முழுவதும் ஒரே பக்கெட்டால் பாறை நிலத்தில் தோண்டுபவருக்குக் கப்ளர் தேவையில்லை. அவருக்குப் பின் போட்டு நேராக மாட்டுவதே நல்லது.

எந்த மண்ணுக்கு எந்தப் பக்கெட்?

நம் நாட்டில் மண் ஒரே மாதிரி இல்லை. கங்கைச் சமவெளியில் மென்மையான வண்டல் மண். தக்காணத்தில் கரிசல் மண். அது மழையில் ஒட்டும், வெயிலில் இறுகும். கேரளத்திலும் கொங்கணக் கரையிலும் செம்புறைக்கல்.

மென்மையான மண்ணுக்கு அகலமான பக்கெட் ஏற்றது. ஒரே வாரில் நிறைய மண் வரும். இறுகிய மண்ணுக்குக் குறுகிய பக்கெட் ஏற்றது. வண்டியின் விசை சில பற்களிலேயே சேர்ந்து விழும். அதனால் மண் எளிதில் உடையும். கல் நிறைந்த இடத்துக்குத் தடித்த தகடும் வலுவான பற்களும் உள்ள பக்கெட் வேண்டும். வாய்க்கால் தூர் வார, பல் இல்லாத அகலமான பக்கெட் வேண்டும். பல் இருந்தால் வாய்க்கால் கரையைக் கிழித்துவிடும்.

தேவைக்கு மேல் அகலமாகத் தோண்டுவது நஷ்டம். ஒரு கணக்குப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 1 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வேண்டும். 24 அங்குலப் பக்கெட்டால் தோண்டினால் பள்ளம் சுமார் 60 செ.மீ. அகலம் இருக்கும். அப்போது 60 கன மீட்டர் மண் எடுக்க வேண்டும். 12 அங்குலப் பக்கெட் என்றால் அகலம் சுமார் 30 செ.மீ. அப்போது 30 கன மீட்டர் மண்தான். பாதி வேலை, பாதி மண். அந்த மண்ணைத் திரும்ப மூடுவதிலும் பாதிதான்.

அண்ணியின் கணக்கு

வீட்டுக்கு வந்ததும் அண்ணி கணக்குப் போட்டார்.

"ஒரு முறை பக்கெட் மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது?"

"40 நிமிடம்" என்றான் தம்பி.

"கையால் பூட்டும் கப்ளர் இருந்தால் 10 நிமிடம் என்று வைப்போம். ஒரு முறைக்கு 30 நிமிடம் மிச்சம். நாளைக்கு 2 முறை மாற்றுகிறோம். ஒரு மணி நேரம் மிச்சம். மாதம் 20 நாள் வேலை. 20 மணி நேரம் மிச்சம். வாடகை மணிக்கு 1,000 ரூபாய். டீசலும் மற்றச் செலவும் 500 போனால் கையில் 500. 20 மணிக்கு 10,000 ரூபாய்."

"கப்ளர் ஒரு லட்சம் என்றால் 10 மாதத்தில் முதல் வந்துவிடும்!" என்றான் தம்பி.

"அவசரப்படாதே தம்பி. மிச்சமான நேரத்துக்கும் வேலை கிடைத்தால்தான் இந்தப் பணம் வரும். மாதம் ஒரு முறை மட்டும் பக்கெட் மாற்றுபவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நமக்கு வேலை இருக்கிறது. அதனால் வாங்கலாம்" என்றார் அண்ணி. பிறகு மெல்லச் சொன்னார்: "உன் விரலை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை."

பாதி விலை

இதைக் கேள்விப்பட்டு ஒருவர் வந்தார். "இங்கேயே வெல்டிங் வைத்துக் கப்ளர் செய்து தருகிறேன். பாதி விலைதான்" என்றார்.

அண்ணனுக்கு ஆசை வந்தது. கடன் தவணை கழுத்தை நெரித்தது.

அண்ணி கேட்டார்: "இதில் பெயர்த் தகடு எங்கே? யார் செய்தது, எவ்வளவு எடை, எவ்வளவு பாரம் தாங்கும், எந்த வண்டிக்குச் செய்தது, எதுவுமே எழுதவில்லையே?"

"தகட்டில் என்னம்மா இருக்கிறது? நம்பிக்கைதானே முக்கியம்?" என்றார் அவர்.

"நாளைக்கு இது உடைந்து கீழே நிற்பவர் மேல் விழுந்தால், நம்பிக்கையை எங்கே போய்த் தேடுவது?" என்றார் அண்ணி. வந்தவர் போய்விட்டார்.

தகடு உள்ள கப்ளரை வாங்கினார்கள். விலை கட்டுப்படியாக, கையால் பூட்டும் கப்ளரையே எடுத்தார்கள். மூன்று அளவுகளையும் பில்லிலேயே எழுதி வாங்கினார்கள். கையேட்டையும் கேட்டு வாங்கினார்கள்.

மறந்த பின்

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் இருட்டும் நேரம். அவசரம். அண்ணன் பக்கெட்டை மாற்றினார். வாய் மூடியது. லாக் பின்னைப் போட மறந்து வண்டியில் ஏறிவிட்டார். பள்ளத்தில் தம்பி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அண்ணி சாப்பாடு கொண்டுவந்தார். லாக் பின் தரையில் கிடந்தது. அவர் கண்ணில் அது பட்டது.

"தம்பி, மேலே வா! ஏங்க, நிறுத்துங்க!"

தம்பி ஏறி வந்தான். அண்ணன் கையை ஆளில்லாத பக்கம் மெல்லத் திருப்பினார். தரைக்கு ஓரடி மேலேதான் இருந்தது. பக்கெட் ஒரு பக்கம் கழன்று தொம்மென்று மண்ணில் இறங்கியது. மூவரும் பேச்சில்லாமல் நின்றார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் கப்ளரிலிருந்து பக்கெட் விழுந்து தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். லாக் பின் போடாததே இத்தகைய விபத்துகளுக்குப் பெரும்பாலும் காரணம்.

அன்று இரவு அண்ணி கையேட்டைப் படித்துக் காட்டினார். மறுநாள் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே, வண்டிக்குள் பெயிண்டால் பெரிதாக எழுதினார்:

லாக் பின் போட்டாச்சா?

இன்றும் தம்பி அதை ஒருமுறை உரக்கப் படிப்பான். அண்ணன் கீழே இறங்கிப் பார்த்து, "போட்டாச்சு" என்பார். அதன் பிறகுதான் தம்பி பள்ளத்தில் இறங்குவான்.

நினைவில் வைப்போம்

- பக்கெட்டைத் தரையில் சமமாக வைத்து, என்ஜினை நிறுத்திய பிறகே அதன் அருகே போக வேண்டும்.
- துளையில் விரல் விடக் கூடாது.
- பின்னைச் சம்மட்டியால் அடிக்கும்போது கண்ணாடி அணிய வேண்டும். இரும்புச் சிதறல் கண்ணைக் கெடுக்கும்.
- இரண்டு பின்களும் கவ்வப்பட்டுள்ளனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். லாக் பின் போட வேண்டும்.
- பிறகு பக்கெட்டைத் தாழ்வாக வைத்துச் சுருட்டி, தரையில் அழுத்தி, இழுத்துப் பார்க்க வேண்டும். அப்போது அருகில் யாரும் நிற்கக் கூடாது.
- ஹைட்ராலிக் கப்ளர் ஆனாலும் பூட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் வேலை தொடங்கக் கூடாது.
- தூக்கிய பக்கெட்டின் கீழே யாரும் நிற்கக் கூடாது.

கணக்குப் போடுவோம்

1. பள்ளத்தின் நீளம் 200 மீட்டர், ஆழம் 1 மீட்டர். அகலம் 60 செ.மீ. என்றால் எத்தனை கன மீட்டர் மண்? 30 செ.மீ. என்றால் எத்தனை?
2. வாரம் ஒரு முறை மட்டும் பக்கெட் மாற்றும் ஒருவருக்கு மாதத்தில் எவ்வளவு நேரம் மிச்சமாகும்? அவர் கப்ளர் வாங்கலாமா?

கலந்து பேசுவோம்

1. பாதி விலைக் கப்ளரை அண்ணி ஏன் வேண்டாம் என்றார்?
2. உங்கள் வேலை இடத்தில் எழுதி வைக்க வேண்டிய ஒரு வரி எது? அதை எழுதுங்கள்.