சுவருக்குள் இருக்கும் ஈரம்

மும்பையில் ஜூன் மாதம் மழை பிடிக்கும். செப்டம்பர் வரை விடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஊரே வெள்ளத்தில் மூழ்கியது. வெள்ளம் சில நாளில் வடிந்துவிட்டது. சுவருக்குள் போகும் நீர் அப்படி அல்ல. அது எளிதில் காயாது.

ஈரம் ஏறிய சுவரில் முதலில் பெயிண்ட் கொப்புளம் போடும். பூச்சு உதிரும். பிறகு கறுப்பாகவும் பச்சையாகவும் புள்ளிகள் வரும். இதுதான் பூஞ்சை. பழைய ரொட்டியிலும் ஊறுகாயிலும் பிடிக்கிறதே, அதே இனம். பூஞ்சையின் நுண்ணிய துகள்கள் காற்றில் எங்கும் இருக்கின்றன. ஈரம் கிடைத்தால் ஓரிரு நாளிலேயே வளரத் தொடங்கும். மேலே பெயிண்ட் அடித்தால் மறையும். ஆனால் சாகாது. ஈரம் வரும் வழியை அடைத்தால்தான் அது போகும்.

இது அழகு பற்றிய விஷயம் மட்டும் அல்ல. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா அதிகம் வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி இதைச் சொல்கிறது. குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல்.

தாராவியில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. பக்கத்து வீட்டு மோரியின் சுவர்தான் நம் வீட்டுச் சுவர். வெயிலும் காற்றும் படாது. மாட்டுங்காவில் மிகப் பழைய கட்டடங்கள் உண்டு. செம்பூரில் பழைய காலனிகளும் உண்டு, புதிய மாடிக் கட்டடங்களும் உண்டு. புதிய கட்டடம் என்றால் ஒழுகாது என்று நம்பக்கூடாது.

செல்வி, முருகன் என்று ஒரு கணவன் மனைவியை நினைத்துக்கொள்வோம். தாராவியில் வாடகைக்கு இருக்கிறார்கள். சீட்டு கட்டி, நகையை விற்று, கடனும் வாங்கி, செம்பூரில் ஒரு வீடு பார்க்கிறார்கள். அது மார்ச் மாதம். சுவர் பளபளவென்று இருக்கிறது.

"போன வாரம்தான் பெயிண்ட் அடிச்சாங்க அக்கா. வேற ஆளும் கேக்குறாங்க. இன்னைக்கே டோக்கன் கொடுத்துடுங்க" என்கிறார் புரோக்கர்.

"வீடு காலியாத்தானே கிடக்கு, எதுக்குப் புதுசா பெயிண்ட்?" என்று செல்வி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஜூலையில் படுக்கை அறையின் மூலை கறுத்தது. பிள்ளைக்கு இரவெல்லாம் இளைப்பு. கீழ்வீட்டு அம்மாள் சொன்னார்: "மூணு வருஷமா ஒழுகுது. விற்றவங்க சொசைட்டிக்குப் புகார்கூட எழுதினாங்களே!"

இப்போது யார் பொறுப்பு?

நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 55-ஆம் பிரிவில் பூஞ்சை என்ற சொல் இல்லை. ஆனால் விற்பவரின் கடமை இருக்கிறது. சொத்தில் பெரிய குறை இருக்கிறது. அது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பதை அந்தப் பிரிவே மோசடி என்கிறது. வாங்குபவர் சொத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கும் விற்பவர் தமக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும்.

செல்விக்கு இதில் பலம் உண்டு. புகார்க் கடிதம் சொசைட்டி கோப்பில் இருந்தால், விற்றவருக்கு முன்பே தெரியும் என்று காட்டலாம். குறை சிறியதா, பெரியதா என்பதை நீதிமன்றம் பார்க்கும். வழக்குக்கு வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் கேட்கலாம்.

ஆனால் இந்தச் சட்டத்தில் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். கறுப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரிந்தும் வாங்கினால் பிறகு கேட்க முடியாது. அடுத்தது, ஒப்பந்தம் வேறு விதமாக இருந்தால் விற்பவரின் கடமை குறைந்துவிடும். "உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்" என்று ஒரு வரி ஆங்கிலத்திலோ மராத்தியிலோ எழுதியிருக்கும். கையெழுத்துப் போடும் முன், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவசரப்படுத்துகிறவர் அவசரப்படுத்தட்டும்.

குடிசைப் பகுதியில் முத்திரைத்தாளில் எழுதிக் கைமாற்றும் வீடுகள் உண்டு. நிலம் விற்பவருடையதே அல்ல. அங்கே இந்தச் சட்டத்தை நம்பி இறங்குவது கடினம்.

பில்டரிடம் புது வீடு வாங்கினால் வேறு சட்டம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் அது. ரேரா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டடத்திலோ வேலையின் தரத்திலோ குறை தெரிந்தால், பில்டரிடம் சொல்ல வேண்டும். அவர் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் மகாரேராவில் புகார் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், வீடு விற்பவர் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அதில் பூஞ்சை பற்றியும் கேள்வி உண்டு. இங்கே அப்படி ஒரு படிவம் இல்லை. ஆகவே நாமே பார்க்க வேண்டும், நாமே கேட்க வேண்டும்.

முடிந்தால் மழைக்காலத்தில் வீடு பாருங்கள். கதவு திறந்ததும் மூக்கு சொல்லும். பூஞ்சை வாடை தனியாகத் தெரியும். பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள். குளியலறைக்கு மறுபக்கச் சுவரைத் தடவுங்கள். விரலால் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்கிறதா? ஒரு மூலையில் மட்டும் புது பெயிண்டா? வெளியே போய்ச் சுவரைப் பாருங்கள். வெடிப்பில் அரசமரக் கன்று முளைத்திருந்தால், அங்கே நீர் இருக்கிறது. மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் பேசுங்கள். சொசைட்டி செயலாளரிடம் ஒழுகல் புகார் ஏதும் உண்டா என்று கேளுங்கள். கட்டடத்தைப் பொறியாளர் சோதித்த அறிக்கை இருந்தால் அதையும் கேளுங்கள்.

வாயால் கேட்டது காற்றோடு போகும். டோக்கன் கொடுக்கும் முன் எழுதிக் கேளுங்கள். செல்வி இப்படி எழுதியிருக்கலாம்:

ஐயா,

உங்கள் வீட்டை வாங்க விரும்புகிறோம். கீழே உள்ளவற்றுக்கு எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம்.

இந்த வீட்டில் எந்தச் சுவரிலாவது, கூரையிலாவது ஒழுகல், ஈரம், பூஞ்சை இருந்ததா? எந்த ஆண்டு? என்ன பழுது பார்த்தீர்கள்? கடைசியாக எப்போது, எதற்காகப் பெயிண்ட் அடித்தீர்கள்? இது பற்றிச் சொசைட்டிக்குக் கடிதம் எழுதியிருந்தால் அதன் நகலைத் தரவும்.

இப்படிக்கு,
மு. செல்வி