விளம்பரம்: எந்த ஊடகம், யாருக்கு?

ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில் ஊடகம் பற்றி ஒரு பாடமும், சந்தை மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு பற்றி ஒரு பாடமும் வருகின்றன. இரண்டும் சந்திக்கும் இடம் விளம்பரம். அதை மூன்று பாடவேளைகளில் ஒரு செயல்பாடாக நான் நடத்தும் முறையை இங்கே பகிர்கிறேன்.

வகைகளைக் கரும்பலகையில் எழுதிப்போடத் தேவையே இல்லை. வீட்டிலிருந்து பள்ளி வரும்வரை கண்ணிலும் காதிலும் பட்ட விளம்பரங்களைக் குறித்துவரச் சொன்னால் போதும். நாளிதழ், துண்டறிக்கை, சுவர் எழுத்து, பேருந்தின் பின்புறம், ஆட்டோ ஒலிபெருக்கி, உள்ளூர் கேபிளில் ஓடும் வரி, கைப்பேசி என எல்லாம் வந்துவிடும். அச்சு, ஒலி, காட்சி, வெளிப்புறம், இணையம் என்று அவர்களே பிரிப்பார்கள். ஒரு மாணவி, கோயில் டியூப்லைட்டில் எழுதியிருந்த உபயதாரர் பெயரையும் கடைப்பெயரையும் எழுதிவந்தாள். அது விளம்பரமா, காணிக்கையா என்று அந்தப் பாடவேளையில் பாதி போய்விட்டது. போனால் போகட்டும், நல்ல விவாதம்.

கடினமான பகுதி தேர்வு செய்வதுதான். எதை விற்பதாக இருந்தாலும் குழந்தைகள் முதலில் சொல்வது "டி.வி.யில் போடலாம் சார்". விவித் பாரதியில் 1967இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. தூர்தர்ஷனில் 1976இல் விளம்பரங்கள் வந்தன. நாடு முழுக்க விற்கும் சோப்புக்கு அவை பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துமா?

இங்கே சிக் ஷாம்புவின் கதையைச் சொல்வேன். 1983இல் கடலூரில் சி.கே.ரங்கநாதன் 15,000 ரூபாயில் தொடங்கிய தொழில் அது. கிராமத்தில் பலருக்கு ஷாம்பு போடும் முறையே தெரியாது, சீயக்காய்தான் பழக்கம். தெரியாத பொருளைப் படத்தில் காட்டி என்ன பயன்? ஆகவே ஊர் ஊராகப் போய், சிறுவர்களை நிற்கவைத்துத் தலையில் போட்டு அலசிக் காட்டினார்கள். சிறு பொட்டலங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். காலிப் பொட்டலங்களைக் கொண்டுவந்தால் புதியது ஒன்று என்றார்கள். வாங்குபவர் யார், அவருக்கு எது தெரியாது என்று பார்த்து அதற்கேற்ற வழியைத் தேர்ந்ததை மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

பிறகு நம் ஊர்க் கணக்கு. வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். கிரைண்டர் கடன் தவணை அதில்தான் கட்ட வேண்டும். கடைத்தெருவில் பாக்கெட் மாவு வந்தபிறகு விற்பனை குறைந்துவிட்டது. அவரிடம் சம்மதம் கேட்டுத்தான் இதை வகுப்புக்குக் கொண்டுவந்தேன். "ஆயிரம் ரூபாய் வரைக்கும் பார்க்கலாம் சார், அதுக்கு மேல முடியாது" என்றார். விளையாட்டுப் பணம் இல்லை என்பதால் குழந்தைகளும் பொறுப்பாகவே பேசினார்கள்.

நான்கு குழுக்கள் மாவு வாங்க வருபவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டன: எந்தத் தெரு? எப்படித் தெரியும்? மாவு வாங்குவதை எப்போது முடிவு செய்கிறீர்கள்? வந்தவர்கள் எல்லாரும் பக்கத்துத் தெருக்காரர்கள். பக்கத்து வீட்டார் சொல்லித் தெரிந்துகொண்டவர்களே மிகுதி. வேலை முடிந்து திரும்பும் மாலைநேரத்தில்தான் முடிவு செய்கிறார்கள்.

இந்த விடைகளுக்குப் பின் ஊடகங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கேபிள் வரி ஊர் முழுக்கப் போகும். ஊர் முழுக்க மாவு கொடுக்க ஒரு கிரைண்டரால் முடியாது. இதைக் கேட்டது வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண்: "இருநூறு பேர் வந்தா அரைக்க முடியுமா சார்?" ஆட்டோ ஒலிபெருக்கி ஒருநாளோடு முடிந்துவிடும். சுவரில் எழுத உரிமையாளர் அனுமதி வேண்டும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டுச் சட்டமே நம் மாநிலத்தில் இருக்கிறது. கடைசியில் தேறியவை மூன்று: பேருந்து நிறுத்தத்தருகே உறவினர் வீட்டு வாசலில் தினமும் எழுதும் ஒரு பலகை, அம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், மீதிப் பணத்துக்கு இரண்டு புதிய தெருக்களில் மாதிரி மாவு.

ஒரு மாதம் கழித்து அந்தப் பையன் கணக்கோடு வந்தான். புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் மாதிரி மாவு வாங்கியவர்கள். சிலர் பலகை பார்த்து வந்தவர்கள். ஸ்டேட்டஸ் பார்த்து ஒருவரும் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு அவனே சொன்னான்: "அம்மா போன்ல இருக்கிறவங்க எல்லாம் ஏற்கனவே வாங்குறவங்கதான் சார்."

வாசகம் எழுதும் வேலையில் ஒரு குழு, "எங்கள் மாவு உண்டால் சர்க்கரை நோய் அண்டாது" என்று எழுதியது. நுகர்வோர் பாதுகாப்புப் பாடத்தை அந்த இடத்தில்தான் தொடங்கினேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். நடித்துப் பரிந்துரைப்பவருக்கும் தடை உண்டு. குழு அந்த வரியை அடித்துவிட்டு, "இன்று காலை அரைத்தது" என்று எழுதியது. அது உண்மை, அன்றன்று சரிபார்க்கவும் முடியும்.

தொடக்க வகுப்புகளில் இவ்வளவு வேண்டாம். பிஸ்கட், சத்துபானக் காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் என்ன இருக்கிறது, நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடச் சொன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மணி அடித்தபிறகும் எழமாட்டார்கள்.