சீமெந்தும் நீரும்: ஓர் இரசாயனப் பாடம்

கட்டட வேலை நடைபெறும் இடத்திற்குச் சென்று, "சீமெந்து எவ்வாறு இறுகுகின்றது?" என்று வினவினால், "தண்ணீர் காய்ந்ததும் இறுகிவிடும்" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். இரசாயனம் பயின்றோரிற் பலரும் இவ்வாறே கருதுவர். இக்கருத்துத் தவறானது. சேறு காய்வதனால் இறுகுகின்றது. சீமெந்தோ நீருடன் இரசாயன முறையிற் சேர்வதனால் இறுகுகின்றது. இவ்வேற்றுமையை உணராமையால், வாழ்நாளெல்லாம் தேடிய பொருளைக்கொண்டு எழுப்பிய வீடுகள் சில ஆண்டுகளிலேயே வெடிப்புற்றுப் பழுதடைகின்றன.

முதலிற் சுண்ணாம்பை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின்மீது அமைந்தது. அக்கல்லிற் பெரும்பகுதி கல்சியங் காபனேற்று. அதனைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பநிலையிற் சுட்டால், 100 பங்கு தூய கல்லில் 44 பங்கு காபனீரொட்சைட்டாக வெளியேற, 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நீர் தெளித்தால் அது வெப்பத்தை வெளிவிட்டு நீறும். நீறிய சுண்ணாம்பு சாந்தாகிச் சுவரில் ஏறியபின், வளியிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகின்றது. ஆதலால் அது நீரினடியில் இறுகமாட்டாது.

1756ஆம் ஆண்டில் எடிஸ்ற்றன் கலங்கரை விளக்கப் பணியை மேற்கொண்ட ஜோன் சிமீற்றன் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், களி கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பு நீரினடியிலும் இறுகுதலைக் கண்டறிந்தார். 1824இல் ஜோசப் அஸ்ப்டின் 'போட்லண்ட் சீமெந்து'க்கு ஆக்கவுரிமை பெற்றார். காங்கேசன்துறைத் தொழிற்சாலையும் 1950 முதல் 1990 வரை அயலிற் கிடைத்த சுண்ணாம்புக் கல்லையும் முருங்கன் களியையும் கொண்டே சீமெந்து ஆக்கிற்று.

சுண்ணாம்புக் கல்லும் களியும் ஏறத்தாழ 1450 பாகையிற் கூடும்பொழுது முக்கல்சியஞ் சிலிக்கேற்று, இருகல்சியஞ் சிலிக்கேற்று முதலிய சேர்வைகள் உண்டாகின்றன. முன்னையது முதற் சில வாரங்களின் வலிமையைத் தருவது; பின்னையது மாதக்கணக்கில் வலிமை சேர்ப்பது. இரண்டும் நீருடன் தாக்கமுற்று உண்டாக்கும் நீரேறிய சிலிக்கேற்றே மணலையும் சல்லியையும் பிணிக்கின்றது. உடன் தோன்றும் கல்சியமைதரொட்சைட்டு கலவைக்கு மிகுந்த காரத்தன்மையை அளிக்கின்றது.

இனிக் கணக்குக்கு வருவோம். சீமெந்து முற்றாகத் தாக்கமுறுதற்கு அதன் நிறையில் ஏறத்தாழ 40 சதவீத நீர் போதும். அதாவது 50 கிலோகிராம் பைக்கு 20 லீற்றர். கையாற் கலந்து இடுதற்கு இலகுவாக 25 லீற்றர் வரை சேர்ப்பதுண்டு. மணலிலுள்ள ஈரமும் இக்கணக்கிற் சேரும். மேலதிகமாக ஊற்றும் ஒவ்வொரு வாளி நீரும் பின்னர் வெளியேறி, தான் இருந்த இடத்தை நுண்டுளையாக விட்டுச் செல்கின்றது. நீர் மிக, வலிமை குறையும் என்னும் இவ்விதியை 1918இல் டஃப் ஏபிரம்ஸ் என்னும் அமெரிக்கர் நிறுவினார். ஆனால் இட்டபின் நிலைமை மாறுகின்றது. தாக்கம் தொடர்வதற்கு ஈரம் வேண்டும். ஆதலின் குறைந்தது ஏழு நாட்களுக்கு ஈரச் சாக்கால் மூடி நனைத்தல் வேண்டும். கலக்கும்போது நீரை அளந்து ஊற்றுக. இறுகியபின் தாராளமாக ஊற்றுக. நம்மவர் பலர் இதனை மாற்றியே செய்கின்றனர்.

மற்றொரு பகை உப்பு. கொங்கிறீற்றின் காரத்தன்மையால் உள்ளிருக்கும் உருக்குக் கம்பியின்மீது மெல்லிய காப்புப் படலம் ஒன்று அமைகின்றது. குளோரைட்டு அப்படலத்தைச் சிதைக்கும். துரு, தான் உண்டான இரும்பிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட இடத்தைக் கொள்வதால், கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கின்றது. கழுவாத கடல் மணலும் உவர்க் கிணற்று நீரும் இக்கேட்டினை விளைவிப்பன. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு உண்டு. கம்பியிட்ட கொங்கிறீற்றுக்கு எடுக்கும் நீரில் 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய நியமம்.

மாணவர்களே, இதனைச் சோதிக்க உங்கள் ஆய்கூடமே போதும். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைக்கொண்டு, பொற்றாசியங் குரோமேற்றைக் காட்டியாக இட்டு நியமிப்புச் செய்யப் பயில்கின்றீர்கள் அல்லவா? வெண்ணிற வீழ்படிவின் பின் செந்நிறம் நிலைக்கும் கணத்தில் குளோரைட்டின் அளவு தெரிந்துவிடும். புள்ளிக்காக மட்டும் இதனைச் செய்யாது, வீடு கட்டும் அயலவரின் கிணற்று நீரை ஒரு போத்தலிற் கொணர்ந்து செய்து பாருங்கள்.

தூர தேசத்திலிருந்து பணம் அனுப்பி வீடு கட்டுவிக்கும் பழைய மாணவர்களும் மேசனிடம் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று: பைக்கு எத்தனை லீற்றர்? மணலும் நீரும் எங்கிருந்து? எத்தனை நாள் நனைத்தீர்? விடை தெளிவாயின் வீடும் நிலைக்கும்.