மீன் எத்தனையாவது நாளில் செத்தது?
புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்குப் பத்து அறிவுரைகள்

சென்னை கொளத்தூரில் மீன் வாங்கிப் போகிறவர்களில் சிலர் அடுத்த வாரமே திரும்பி வந்து நிற்பார்கள். “அண்ணே, நீங்க குடுத்த மீன் செத்துப்போச்சு, வேற குடுங்க.” வேறு மீனும் போகும், அதுவும் சாகும். மூன்றாம் முறை, “எனக்கு மீன் ராசி இல்லை” என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மீன் சாவதற்குக் காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு.

1. முதலில் நாளை எண்ணுங்கள். விட்ட சில மணி நேரத்தில், அல்லது மறுநாளுக்குள் செத்தால் குளோரினையும், பைத் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டையும் சந்தேகப்படுங்கள். புதுத் தொட்டியில் மூன்றாம் நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகப் போனால் அம்மோனியா, நைட்ரைட். உடம்பில் வெள்ளைப் புள்ளி, துடுப்பில் அரிப்பு என்று அடையாளம் காட்டிவிட்டுச் செத்தால் நோய். எல்லா மீனும் ஒரே இரவில் மிதந்தால் காற்று நின்றிருக்கும், அல்லது விஷம் கலந்திருக்கும். பழைய மீன்கள் நன்றாக இருக்க, புதுசு மட்டும் சாகிறதென்றால் ஏழாவது அறிவுரையைப் படியுங்கள்.

2. தெளிந்த தண்ணீரை நம்பாதீர்கள். மீனைக் கொல்லும் அளவு அம்மோனியா இருந்தாலும் தண்ணீர் பளிங்குபோல் இருக்கும், வாடையும் தெரியாது. மீன் செவுள் வழியாக வெளிவிடுவதும், கழிவும் மிச்சத் தீனியும் அழுகி உண்டாவதும் அம்மோனியாதான். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. அதுவும் விஷம், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட் ஆக்குகின்றன. அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்தப் பாக்டீரியாக்கள் பில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். கடையிலிருந்து தொட்டியும் மீனும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தால், அந்த ஆறு வாரத்தையும் மீன் விஷத்தில்தான் கழிக்க வேண்டும்.

3. தொட்டி பழகட்டும். மீன் இல்லாமல் பில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகும். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் பில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வைத்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். சொட்டு மருந்து மாதிரி வரும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்றால் தொட்டி தயார். அப்போதும் இரண்டு மூன்று மீனாகத்தான் சேர்க்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியின் முழுக் கொள்ளளவே சுமார் 56 லிட்டர்தான். கல்லும் மேல் இடைவெளியும் போக இன்னும் குறையும்.

4. உங்கள் வீட்டுத் தண்ணீர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். குழாயிலோ லாரியிலோ வரும் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது செவுளை அரிக்கும். வாளியில் திறந்துவைத்து ஏர் பம்ப் ஓடவிட்டால் ஒரு நாளில் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் ஆன்ட்டி குளோரின் கிடைக்கும். அது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட் கரைசல். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் உப்பு அதிகம், பிராணவாயு குறைவு. அதையும் ஒரு நாள் காற்றேற்றியே விடுங்கள். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் இப்படிப்பட்ட கடினத் தண்ணீரில் சந்தோஷமாக இருக்கும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் மென்தண்ணீர் மீன்கள், அந்தத் தண்ணீரில் வதங்கும். “அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமே” என்பார்கள். தனி ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்பு கிட்டத்தட்ட இல்லை. பிஎச் என்னும் அமில-கார அளவைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாததால் அது திடீரென்று சரியும். தண்ணீரை மீனுக்காக மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது சுலபம்.

5. லோடு வந்த அன்று மீன் வாங்காதீர்கள். பண்ணைத் தொட்டி, வண்டி, பை, கடைத் தொட்டி என்று அலைந்து களைத்த மீன் அது. ஒரு வாரம் கடையிலேயே இருந்து பிழைத்ததைக் கேட்டு வாங்குங்கள். துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கும் மீன், வயிறு ஒட்டிய மீன், மேலே வந்து வாய் திறக்கும் மீன் வேண்டாம். அதே தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் மற்றதும் வேண்டாம். வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்றும் கேளுங்கள். கோல்டு ஃபிஷ் கண்ணாடிக் கிண்ணத்து மீன் அல்ல. சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும்.

6. பையைப் பிரிப்பதில் நிதானம் வேண்டும். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பையைக் கட்டு அவிழ்க்காமல் 15–20 நிமிடம் மிதக்கவிடுங்கள், சூடு சமமாகும். பிறகு திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, பையில் தண்ணீர் இரண்டு மடங்கு ஆனதும் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டக் கூடாது. வெளியூரிலிருந்து பல மணி நேரம் பையிலேயே வந்த மீனுக்கு விதி வேறு. மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியா அடங்கியிருக்கும். திறந்ததும் பிஎச் ஏறி அது விஷமாகும். அந்த மீனைத் திறந்த பையில் நெடுநேரம் வைக்காதீர்கள்.

7. புது மீன் மட்டும் சாகிறதா? கடைக்காரர்மேல் பழி போடும் முன் உங்கள் தொட்டித் தண்ணீரைச் சோதியுங்கள். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல், வற்றியதற்கு மட்டும் ஊற்றிவந்தால் நைட்ரேட் ஏறும், உப்பு ஏறும், பிஎச் இறங்கும். இது மெல்ல மெல்ல நடப்பதால் பழைய மீன் பழகிவிடும். நல்ல தண்ணீரிலிருந்து வருகிற புது மீனால் தாங்க முடியாது. இது தெரிந்ததும் பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை மாற்றினால் பழைய மீனும் போகும். புதுத் தண்ணீரால் பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவில் விஷமாக மாறும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். ஆகவே இரண்டு நாளைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு என்று, சில வாரத்தில் சரிசெய்யுங்கள். அதன்பின் வாரம் கால் பங்கு மாற்றுவது வழக்கமாகட்டும்.

8. ஞாயிற்றுக்கிழமைக் கழுவலை நிறுத்துங்கள். தொட்டியைக் காலி செய்து, கல்லை வெயிலில் காயவைத்து, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்புவது நம் வீடுகளில் நடக்கும் பெரிய கொலை. ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா ஒரு மணி நேரத்தில் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை அலசுங்கள், போதும். சோப்பு எதிலும் படக் கூடாது. தீனியும் இப்படித்தான்: இரண்டு நிமிடத்தில் தின்று முடிப்பதற்கு மேல் போடுவது அம்மோனியாவுக்கு உரம். வாரம் ஒரு நாள் பட்டினி இருந்தால் பெரிய மீனுக்கு ஒன்றும் ஆகாது.

9. காற்றைக் கவனியுங்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். கோடையில் கரண்ட் போனால் நெரிசலான தொட்டி இரவு தாங்காது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். வெகுநேரம் நின்றுபோன மூடிய பில்டரை அலசாமல் ஓடவிடாதீர்கள். ஏர் பம்ப் இழுப்பது அறைக் காற்றைத்தான் என்பதையும் மறக்காதீர்கள். கொசுவிரட்டித் திரவத்திலும் கரப்பான் ஸ்பிரேயிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடும் விஷம். தொட்டி இருக்கும் அறையில் அவை வேண்டாம்.

10. மருந்தைக் கடைசியாகத் தொடுங்கள். மேலே வந்து மூச்சு வாங்குகிறது என்றதும் நீல மருந்தை ஊற்றுகிறார்கள். மெத்திலீன் நீலம் பில்டர் பாக்டீரியாவையும் கொல்லும், அம்மோனியா இன்னும் ஏறும். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், பிறகு கால் பங்கு மாற்றுங்கள்; மாதக்கணக்கில் மாற்றாத தொட்டியானால் ஏழாவது அறிவுரைப்படி மெல்ல மாற்றுங்கள். புது மீனை இரண்டிலிருந்து நான்கு வாரம் தனித் தொட்டியில், ஒரு பஞ்சு பில்டரோடு வைத்துப் பார்ப்பதுதான் உண்மையான மருந்து. வெள்ளைப் புள்ளி வந்தால் மருந்து புள்ளியைத் தொடாது. புள்ளியிலிருந்து உதிர்ந்து நீந்தும் கிருமியைத்தான் கொல்லும். ஆகவே புள்ளி மறைந்த மறுநாளே வைத்தியத்தை நிறுத்தாதீர்கள்.

வளர்க்க முடியாமல் போனால் மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். அப்படி விடப்பட்ட சக்கர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. இனி ஒரு மீன் செத்தால், காரணம் தெரிந்து, கிட்டில் இரண்டு பூஜ்யமும் ஒரு வாரம் நிலைத்து நிற்கும்வரை கடைப் பக்கம் போகாதீர்கள். அதுவரை வாங்கும் ஒவ்வொரு மீனையும் சாகத்தான் வாங்குகிறீர்கள்.