இசையமைப்பாளராக யாரைத் தெரிந்திருக்க வேண்டும்?

திருப்பத்தூர் அருகே மலைப்பகுதியான நெல்லிவாசல்நாட்டிலிருந்து சினிமாவுக்கு இசையமைக்க நினைப்பவர், பெரிய இயக்குநரின் வாசலில் காத்துக் கிடப்பதைவிடத் தன் வயதுக் குறும்படக்காரர்களைத் தேடிப் பிடிப்பதே மேல். 1976-இல் வந்த ‘அன்னக்கிளி’ பட வாய்ப்புக்காக இளையராஜாவைத் திரைக்கதையாசிரியர் பஞ்சு அருணாசலத்திடம் சொன்னவர் நண்பர் ஆர். செல்வராஜ். அதற்குமுன் இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்த அனுபவமும் ராஜாவுக்கு இருந்தது. 2012-இல் சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘அட்டகத்தி’, ‘பீட்சா’ இரண்டுமே முறையே இயக்குநர்கள் பா. ரஞ்சித், கார்த்திக் சுப்புராஜ் ஆகியோரின் முதல் படங்கள்.

திறமை மட்டும் போதாதா என்றால், அதைக் காதுகொடுத்துக் கேட்க ஆள் வேண்டுமே! அப்படியானால் இதுவும் சிபாரிசுதானே என்பீர்கள், பாதி உண்மைதான். முதல் படத்தைச் சிபாரிசு வாங்கித் தரலாம், இரண்டாவதை வேலைதான் தரும். ஆகவே சந்திப்பில் பேச்சைக் குறைத்து, ஒரு நிமிடக் காட்சிக்கு நீங்கள் அமைத்த பின்னணி இசையைப் போட்டுக் காட்டுங்கள். வசனம் வரும் இடத்தில் அது அடங்கியிருக்கட்டும். கோப்புகளை மலையிலிருந்தே அனுப்பலாம்; ஆனாலும் படத்தொகுப்பு நாட்களில் திருப்பத்தூரில் ரயிலேறிச் சென்னை போய் உடனிருப்பது வீண்செலவல்ல. சம்பளமில்லாத குறும்படமானாலும் இசையின் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பங்கு தருகிறது.