தூரம் கூடியது, நேரம் குறைந்தது!



தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். பள்ளிக்கூடத்திலேயே படித்த பாடம்தானே, இதில் என்ன இருக்கு என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன், டெல்லி – சான்பிரான்சிஸ்கோ விமானப் பாதையைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை. நீங்களும் கால்குலேட்டரை எடுங்க.

முதலில் தூரம். பூமி உருண்டை. அதனால் மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பு. டெல்லி விமான நிலையம் வடக்கு 28.57 டிகிரி, கிழக்கு 77.10 டிகிரி. சான்பிரான்சிஸ்கோ வடக்கு 37.62, மேற்கு 122.38. தீர்க்கரேகைகளின் கூட்டல் 199.48. அதை 360-இல் கழித்தால் 160.52. இனி சூத்திரம்:

காஸ் கோணம் = (சைன் 28.57 × சைன் 37.62) + (காஸ் 28.57 × காஸ் 37.62 × காஸ் 160.52)

விடை மைனஸ் 0.364. கோணம் சுமார் 111.3 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் ஏறக்குறைய 12,380 கி.மீ. இதுதான் மிகக் குறுகிய தூரம்.

ஆனா அந்தக் கோட்டிலேயே பறக்க முடியுமா? அது டெல்லியிலிருந்து வடக்கே, சற்றுக் கிழக்கே சாய்ந்து, இமயமலை, திபெத் பீடபூமி மேல் போகிறது. கேபின் அழுத்தம் குறைந்தால் விமானம் சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். அங்கே மலையே அதைவிட உயரம்! அப்புறம் எங்கே இறங்குவது?

அதனால் சுற்றுப் பாதை. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் இந்தச் சேவையைத் தொடங்கியபோது, மேற்கே அட்லாண்டிக் வழியாகப் பறந்தது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் கிழக்கே பசிபிக் வழியாகப் பறந்து பார்த்தார்கள். தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆயிரத்து நானூறு கி.மீ. கூடுதல். ஆனால் பறந்த நேரம் பதினாலரை மணிதான். பழைய வழியைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் மிச்சம்!

காரணம் காற்று. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்றோட்டம் வீசுகிறது. 15,300-ஐ 14.5-ஆல் வகுங்க. மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. காற்றைப் பொறுத்து விமானத்தின் வேகம் சுமார் 900 என்று வைத்தால், மீதி 155 காற்று கொடுத்த தள்ளு. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவனுக்கு இது சொல்லாமலே புரியும்.

கடைசியாகக் கடிகாரம். டெல்லியில் காலை 4 மணிக்குக் கிளம்பினால், சான்பிரான்சிஸ்கோவில் அதே நாள் காலை 6 மணிக்கு இறங்கலாம். அக்டோபரில் இரு ஊர்களுக்கும் பன்னிரண்டரை மணி வித்தியாசம். அதை மறந்தவன், பயணம் இரண்டே மணி நேரம் என்று எழுதிவிடுவான்!

சூத்திரம் பொய் சொல்லாது, நண்பர்களே. ஆனால் எந்த தூரம், எதைப் பொறுத்த வேகம், எந்த ஊர்க் கடிகாரம் என்று கேட்காமல் போடுகிற கணக்கு, பரீட்சையில் மார்க்கைத்தான் குறைக்கும். வானத்தில் எரிபொருளையே குறைத்துவிடும். நாளைக்கு வேலைக்குப் போகிற நாம், வகுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் கேட்டுப் பழகுவோம்.

– மூன்றாமாண்டு மாணவன், மெக்கானிக்கல்